நாரோடு விட்ட மீன்

பெரிய வியாழனன்று காலை, சிங்கி இறால் ஓடுகளை ஓடையில் கொட்டுவதற்காக வீட்டுப் பின்புறத் துறைக்கு வந்த ஆசெலி, கார் என்று ஓடைக்காரர்கள் சொல்லும் அந்த அலகு மீனைப் பார்த்தாள். செத்துப்போயிருந்தால் வாளியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பியிருப்பாள். அது சாகவில்லை, அதுதான் கொடுமை. துறையின் மரக்கால் ஓரமாக வந்து வந்து மூக்கை மேலே நீட்டியது. கார் மீனுக்குத் தண்ணீரிலிருக்கும் காற்று மட்டும் போதாது, மேலே வந்து வாய் நிறையக் குடிக்கவேண்டும். இதற்கு வாய் திறக்கவில்லை. நீளமான அலகு முழுக்க நீலமும் வெள்ளையுமாக நைலான் நார் சுற்றிக் கிடந்தது. உடம்பு மெலிந்து, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

ஆசெலி வாளியைக் கீழே வைத்தாள். மீனுக்காக இல்லை. அந்த நார் அவளுக்குத் தெரிந்த நார்.

கார் மீனின் வாயில் சதை கிடையாது, எல்லாம் எலும்பு. தூண்டில் முள் அதில் இறங்காது, இறங்கினாலும் நிற்காது. அதனால் ஷெவ்ரெட் ஓடைக்காரர்கள் முள்ளை நம்புவதில்லை. சிலர் இரையைச் சுற்றிக் கம்பிச் சுருக்கு வைத்து, மீன் மூக்கை விட்டதும் சுண்டுவார்கள். சிலர் வில்லோடு படகில் நிற்பார்கள். ஆசெலியின் கணவர் ஒவீட்டுக்குக் கயிறுதான். ஒரு சாண் நைலான் கயிற்றை முறுக்குப் பிரித்து, பழைய சீப்பால் வாரி, குஞ்சம் மாதிரி ஆக்கித் தண்ணீரில் இழுப்பார். மீன் வந்து கவ்வும். கவ்வியதும் இழுக்கக்கூடாது, அங்கேதான் வெளியூர்க்காரன் கோட்டை விடுவான். நூலைத் தளர்த்திக் கொடுக்கவேண்டும். மீன் மெல்லும், மெல்ல மெல்ல ஊசி ஊசியாக இருக்கிற அந்த நூற்றுக்கணக்கான பற்களில் நார் ஏறும். தன் வாயைத் தானே கட்டிக்கொண்டு வரும்.

பிடிப்பது சுலபம், விடுவதுதான் வேலை. பெரிய மீன் என்றால் கோடரியால் ஒரு போடு, கதை முடிந்தது. சின்னதை விடவேண்டும் என்றால், பல்லிடையில் ஒரு குச்சியைக் கொடுத்து, குறடால் ஒவ்வொரு நாராக எடுத்துவிட்டுத்தான் விடவேண்டும். ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அலகு பூட்டிக்கொள்ளும். மீன் தின்னவும் முடியாமல் மூச்சுவிடவும் முடியாமல் பல நாள் கிடந்து சாகும். ஷெவ்ரெட்டில் குடிகாரனை மன்னிப்பார்கள். பெண்டாட்டியை விட்டு ஓடினவனைக்கூட ஆறு மாதத்தில் மன்னித்து, காப்பிக்குக் கூப்பிடுவார்கள். நார் எடுக்காமல் மீனை விட்டவனை மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை. அதிலும் ஒவீட் ஒரு படி மேல். நகரத்திலிருந்து வந்த ஒருவன் அப்படிச் செய்ததைப் பார்த்து, அவனுடைய விலை உயர்ந்த தூண்டில் கோலைப் பிடுங்கி முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தவர் அவர்.

நீலமும் வெள்ளையுமான அந்தக் கயிறு கடையில் வாங்கியதில்லை. இழுவைக் கப்பல் ஒன்றில் கழித்துப் போட்ட வடம். ஆசெலியின் அண்ணன் உர்சின் அதை எங்கிருந்தோ கேட்டு வாங்கிவந்தார். அவரும் ஒவீட்டும் அதை நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். ஓடை முழுக்கத் தேடினாலும் அந்தக் கயிறு இருப்பது அந்த இரண்டு வீட்டில்தான்.

இரண்டு பேரில் யார் என்று ஆசெலி யோசிக்கவேண்டி இருக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால், இதே துறையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, ஒவீட்டின் படகு வளைவு திரும்பி வந்தது. படகின் ஓரத்தில் சின்ன மீன் ஒன்று மாட்டியிருந்தது. ஒவீட் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து நூலை அறுத்தார். மீன் குஞ்சத்தோடு போய்விட்டது. அவர் கையைக் கழுவிக்கொண்டு சீட்டியடித்தபடி வந்தார். அதையாவது அவள் கண்ணின் பிழை என்று நினைத்திருப்பாள். ராத்திரிச் சாப்பாட்டில் அவர் சொன்னதுதான் அவளை உடைத்தது.

“இன்னிக்குச் சின்னது ஒண்ணு மாட்டுச்சு, ஆசெலி. ஒவ்வொரு நாரா எடுக்கறதுக்குள்ள அரை மணி நேரம் ஓடிப்போச்சு. விரலெல்லாம் எரியுது.”

பொய் சொல்லவில்லை, எடுத்ததாகவே நம்பினார். விரலை ஊதிக்கூடக் காட்டினார். அந்த விரலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆசெலி மருந்து தடவிவிட்டாள்.

அன்றே கேட்டிருக்கலாம். மகளிடமாவது சொல்லியிருக்கலாம். அவள் செய்ததெல்லாம் வாயை மூடிக்கொண்டது ஒன்றுதான். இந்த வியாழனும் அதைத்தான் செய்தாள். வலையை எடுத்து அந்த மீனைக் கோரித் துறையில் போட்டாள். தன் கையாலேயே நார் எடுத்தாள். கை பல இடத்தில் கிழிந்தது. மீனை விட்டதும் அது ஒரு வாய் காற்றை ‘க்ளக்’ என்று குடித்துவிட்டு ஆழத்துக்குப் போனது. நாரைச் சுருட்டி அடுப்பில் போட்டு எரித்தாள். வீடு முழுக்க நாறியது. ஒவீட் மூக்கைச் சுளித்து, “என்னடி கெழவி, சட்டிய மறுபடியும் தீய்ச்சுட்டியா?” என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

*

மறுநாள் பெரிய வெள்ளி. அன்றைக்கு மண்ணைத் தோண்ட மாட்டார்கள், இறைச்சி தொட மாட்டார்கள், மீனை மட்டும் ஒரு கை பார்ப்பார்கள். உர்சினுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஓடையில் கட்டியிருந்த படகு வீட்டில் தனியாக இருந்தார். முப்பது வருடமாக ஒரு ஞாயிறு, ஒரு திருநாள் விடாமல் தங்கை வீட்டுச் சாப்பாடுதான். அன்றும் விடிந்ததும் விடியாததுமாக வந்து, கார் மீனின் சதையைக் கரண்டியால் சுரண்டி, உருளைக்கிழங்கும் வெங்காயத் தாளும் சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்துப் பொரித்துக்கொண்டிருந்தார். மகள் க்ளெலி நகரத்திலிருந்து வந்து, மேசையில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் மாமா, அம்மாவப் பொரிக்க விட்டா என்னவாம்?”

“உங்கம்மா பொரிச்சா கல்லுக்குப் பதிலா கவணுல வெச்சு அடிக்கலாம். பல்லு இருக்கிறவனாலயே திங்க முடியாது. எனக்கு அதுவும் இல்ல.”

“அண்ணே, முப்பது வருஷமா நக்கித் தின்ன வாயி அது,” என்றாள் ஆசெலி.

“பசி, தங்கச்சி. பசிக்கு ருசி தெரியுமா?”

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது ஒவீட் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். கையில் செத்த மீன் ஒன்று. வாசனை அவருக்கு முன்னால் வந்துவிட்டது. பாத்திரம் பண்டம் என்று பார்க்காமல் அதை மேசை நடுவில் போட்டார். அலகில் நீலமும் வெள்ளையும்.

“க்ளெலி, பாரு. நல்லாப் பாரு. வளைவுக்கு அந்தப் பக்கம் மொதந்துச்சு. எத்தன நாளு கெடந்து செத்துச்சோ.”

“அப்பா, சாப்பிடற எடத்துல...”

“சாப்பாடு கெடக்கட்டும். இந்தக் கயிறு யாருதுன்னு கேளு. இந்த ஓடையில இந்தக் கயிறு ரெண்டு பேருகிட்டத்தான் இருக்கு. ஒண்ணு நான். நான் இதச் செய்வேனா? செய்வேனா, ஆசெலி?”

ஆசெலி ஒரு தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். கணவரின் முகத்தைப் பார்த்தாள். கோபத்தில் சிவந்திருந்தது. ஆனால் அதற்கு அடியில் ஒரு பயம் இருந்ததையும் அவள் பார்த்தாள். தெரியாத இடத்தில் தனியாக நிற்கிறவனின் பயம்.

“அப்ப மிச்சம் யாரு?” ஒவீட் அடுப்புப் பக்கம் திரும்பினார். “சொல்லு மச்சான். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

உர்சின் முதலில் சிரிக்கத்தான் பார்த்தார். “டேய், என்னடா வெயில்ல நின்னியா?” என்று கரண்டியை வைத்துவிட்டு வந்து மீனைக் கையில் எடுத்தார். குஞ்சத்தைத் திருப்பினார். நூல் கட்டியிருந்த முடிச்சு மேலே வந்தது. ஒவீட் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவார். உர்சின் இரண்டுதான். ‘உனக்கு எல்லாத்துலயும் சோம்பேறித்தனம்’ என்று அதை வைத்தே ஒவீட் முப்பது வருடமாக அவரைக் கிண்டல் செய்துவந்தார். அந்த முடிச்சில் மூன்று சுற்று இருந்தது.

ஒவீட் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் முடிச்சு தனக்குத் தெரியவில்லை.

உர்சினின் சிரிப்பு நின்றது. தங்கையைப் பார்த்தார். ஆசெலி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையே அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டியில் உருண்டைகள் கருகிக்கொண்டிருந்தன, யாரும் போய் எடுக்கவில்லை.

“நான்தான் மச்சான்,” என்றார் உர்சின்.

“என்னது?”

“நான்தான். கையி வலி. குளிர்ல வெரலு மடங்கல. சரி, ஒண்ணுதானேன்னு அறுத்து விட்டுட்டேன்.”

“ஒண்ணுதானேன்னு.”

“தப்புத்தான்.”

ஒவீட் கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கத்தவில்லை. அவர் முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. ஆசெலிக்கு அது நன்றாகத் தெரிந்தது. தரை மறுபடியும் காலுக்கடியில் வந்துவிட்ட மாதிரி நிமிர்ந்து நின்றார்.

“உன்கூட ஒரே படகுல உக்காந்திருக்கேனே, அதுக்கு என்னைச் சொல்லணும். போயிரு. என் வீட்டுப் படி இனிமே ஏறாத.”

உர்சின் தொப்பியை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, “தங்கச்சி, அடுப்ப அணைச்சிடு,” என்று மட்டும் சொன்னார். படியிறங்கிப் போனார். ஆசெலி அடுப்பை அணைத்தாள். கூடப் பிறந்தவன் பட்டினியோடு போவதைப் பார்த்துக்கொண்டு அடுப்பை அணைக்கத்தான் அவளுக்கு அன்றைக்குத் தைரியம் இருந்தது.

*

சனிக்கிழமை, ஒவீட் மதியத் தூக்கம் போட்ட நேரத்தில், ஆசெலி அண்ணனின் படகு வீட்டுக்குப் போனாள். அவர் சிங்கிக் கூடைகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்.

“ஏன் அண்ணே அப்பிடிச் சொன்ன? ஏன் பழிய உன் தலையில போட்டுக்கிட்ட?”

“நீ ஏன் சொல்லல?”

அவள் அழுதாள். உர்சின் கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

“அவன் மூஞ்சியப் பாத்தேன், ஆசெலி. வேற எது மறந்தாலும் அவன் தாங்குவான். சாவிய மறந்தான், சிரிச்சோம். போன மாசம் என் பேர மறந்து ‘நீ இல்லடா, அவன்’னு உளறுனான், அதுக்கும் சிரிச்சோம். மீன நாரோட விட்டது தான்தான்னு தெரிஞ்சா, அவன் அன்னிக்கே கரையில படகக் கவுத்துட்டு வீட்டுக்குள்ள போயி மொடங்கிருவான். அவன்கிட்ட வேற என்ன இருக்கு? நெலமா, பணமா? ‘நான் சுத்தமா மீன் பிடிக்கிறவன்’ங்கற ஒரு வார்த்த இருக்கு. அதையும் புடுங்கணுமா?”

“ஊருல உன்னப் பேசுவாங்களே.”

“பேசட்டும். ஊரு வாய மூட ஒலைமூடி ஏது? எனக்கென்ன பொண்ணா கட்டிக் குடுக்கப் போறேன்?”

“ஒனக்குச் சாப்பாடு?”

உர்சின் கூடையைத் திருப்பி வைத்தார். “உன் சமையல்லருந்து தப்பிச்சேன்னு வெச்சுக்க,” என்றார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

ஊர் பேசத்தான் செய்தது. ஒவீட்டே கடை வாசலில் நின்று எல்லோருக்கும் சொன்னார். சொன்னவர் ஒவீட், ஒப்புக்கொண்டவர் உர்சின், இதற்குமேல் சாட்சி எதற்கு? கடை பெஞ்சில் உர்சின் வந்து உட்கார்ந்தால் பக்கத்திலிருந்தவன் எழுந்து போனான். சிங்கி வேகவைக்கும் விருந்துகளுக்கு அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கோயிலில் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும் நேரத்தில் முன்வரிசைக்காரன் திரும்பாமல் நின்றான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மீனுக்கு இரங்குகிற மனம் மனுஷனுக்கு இரங்காது போலிருக்கிறது.

அந்தக் கோடை முழுவதும் உர்சின் ஒரு வேலை செய்தார், அது ஆசெலிக்கு மட்டும்தான் தெரியும். ஒவீட் காலையில் படகை எடுத்துப் போனதும், ஒரு வளைவு தள்ளிப் பின்னால் உர்சின் துடுப்புப் போட்டுக்கொண்டு போவார். மோட்டாரை எடுக்கமாட்டார், சத்தம் கேட்கும். ஒவீட் அறுத்துவிட்ட மீன்களைத் தேடிப்பிடித்து, வலையில் கோரி, நார் எடுத்து விடுவார். கட்டப்பட்ட மீன் சீக்கிரமே மேலே வரும், அதிகம் ஓடாது. சில நாள் ஒன்று, சில நாள் நான்கு. கையுறை போட்டும் அவர் விரல்கள் எப்போதும் கிழிந்தே இருந்தன. சாயங்காலம் தங்கை வீட்டுத் துறையைத் தாண்டும்போது, எத்தனை என்று விரலைக் காட்டுவார். ஆசெலி துணி எடுக்கிற சாக்கில் நின்று பார்ப்பாள்.

ஒருநாள் ஒவீட் திடீரென்று திரும்பி வந்தார். உர்சின் மடியில் ஒரு மீன், கையில் நார். இரண்டு படகுக்கும் நடுவில் பத்து கஜம்கூட இல்லை.

“பாத்தியா, மறுபடியும்!” ஒவீட் துடுப்பை ஓங்கினார். “வெக்கம் கெட்ட நாயே! இன்னும் எத்தனைய இப்பிடிக் கட்டி விடுவ?”

உர்சின் அந்த மீனில் கடைசி இழையை எடுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். “இதோட நிறுத்திக்கறேன் மச்சான்,” என்றார்.

இதை ஒவீட்டே வீட்டில் வந்து சொன்னார். சொல்லிவிட்டுத் திருப்தியாக இரண்டு தட்டுச் சாப்பிட்டார். ஆசெலி தன் தட்டை அப்படியே மூடி வைத்தாள். அன்றைக்குக் கணவர்மேல் அவளுக்கு வெறுப்பே வந்தது. நோயாளி என்று தெரிந்தும் வந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

*

நோய்க்கு டாக்டர் பெயர் சொன்னார். பெயர் தெரிந்து ஒரு பிரயோசனமும் இல்லை. அடுத்த வருடம் க்ளெலி வந்து படகின் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனாள். ஒவீட் ஒரு வாரம் தேடினார், பிறகு படகு இருந்ததையே மறந்தார். பிறகு ஓடையின் பெயர் போனது. செபம் பாதியில் நின்றது. மகள் வந்தால், “யாரு பெத்த புள்ளையோ, லட்சணமா இருக்கு,” என்றார். ஆசெலியைச் சில நாள் தன் அம்மா என்றார், சில நாள் ‘வேலைக்காரம்மா’ என்று மரியாதையாகக் கூப்பிட்டார்.

ஒன்றே ஒன்று போகவில்லை. “அந்த உர்சின் பயல உள்ள விடாத. மீன் வாயக் கட்டுறவன்.” இதைத் தினமும் சொன்னார். வீட்டில் எல்லாம் இடிந்த பிறகும் அந்த ஒரு சுவர் மட்டும் நின்றது.

மூன்றாம் வருடம் அவரால் தானாக எழ முடியவில்லை. ஆசெலியால் தூக்கவும் முடியவில்லை. குளியலறையில் அவரோடு சேர்ந்து விழுந்து, ஒரு மணி நேரம் ஈரத்தில் கிடந்த அன்று, அவள் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

உர்சின் வந்தபோது அவளுக்கே ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. நாற்பது வருட மீசையை மழித்துவிட்டு வந்திருந்தார். மேலுதடு வெளுத்துக் குழந்தை மாதிரி இருந்தது.

“ஏன் அண்ணே இப்பிடி?”

“கண்டுபிடிச்சுட்டான்னா? பாவம், மூச்சு வாங்கக் கத்துவான்.”

ஒவீட் கட்டிலில் இருந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். “எங்கயோ பாத்த மொகமா இருக்கே.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க. ரொம்பச் சாதாரண மூஞ்சி.”

“பேரு?”

“பாசில்.”

“மீன் பிடிப்பியா, பாசில்?”

“ஏதோ கொஞ்சம்.”

“பிடிச்சா நாரு எடுத்துட்டு விடணும், தெரியுமா? இங்க உர்சின்னு ஒருத்தன் இருக்கான். அவன்கூடச் சேராத.”

“சேரல,” என்றார் உர்சின். கையை அக்குளில் கொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தினார்.

அதன் பிறகு தினமும் வந்தார். குளிப்பாட்டினார், சவரம் செய்தார், நகம் வெட்டினார். பாசிலை ஒவீட்டுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வர நேரமானால் சிணுங்கினார். தோளில் சாய்ந்து, “நீ நல்லவன்டா. எனக்கு ஒரு மச்சான் இருந்தான், இப்பிடித்தான் இருப்பான்னு நெனச்சேன், துரோகி,” என்பார். உர்சின் ‘உம்’ கொட்டிக்கொண்டே முதுகுக்குச் சோப்புப் போடுவார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஆசெலி துண்டைக் கடித்துக்கொள்வாள்.

*

அந்த வருட ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை ஒவீட்டுக்கு மனம் தெளிந்திருந்தது. அப்படிச் சில காலைகள் வரும். அன்று கண் விழித்ததும், “ஆசெலி, காப்பி,” என்றார். பெயர் சொல்லி! பதினோரு மாதத்துக்குப் பிறகு. அவள் காப்பி கொண்டுவந்து கட்டிலில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக ஓடையைப் பார்த்தபடி இரண்டு வாய் குடித்தார்.

“மீன் வருதா? உர்சின் இன்னும் அந்த ஈன வேலதான் பண்றானா?”

அவளால் அதற்குமேல் முடியவில்லை. மூன்று வருடமாக விழுங்கியது அப்படியே வெளியே வந்தது.

“அவன் பண்ணல, ஒவீட். என் அண்ணன் ஒரு மீனக்கூட அப்பிடி விடல. நீ. நீதான் விட்ட. நூல அறுத்து விட்டுட்டு வந்து, நாரு எடுத்தேன்னு என்கிட்டச் சொன்ன. நான் பாத்தேன். அன்னிக்கு அந்த முடிச்சு உன் முடிச்சு, மூணு சுத்து. உனக்காகப் பழிய வாங்கிக்கிட்டுப் போனான். நீ விட்ட மீன எல்லாம் பின்னாலயே வந்து அவன்தான் அவுத்து விட்டான். இப்ப உன்னக் குளிப்பாட்டறானே, அது யாருன்னு நெனச்ச? பாசிலு யாருன்னு நெனச்ச?”

ஒவீட் அசையவில்லை. கோப்பை சாய்ந்து காப்பி போர்வையில் கொட்டியது. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. இதற்குத்தான் பயந்து உர்சின் தன் பெயரையே விற்றார் என்பது ஆசெலிக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

“நானா?” என்றார். “மீன அப்பிடியே... வாயக் கட்டி... நானா விட்டேன்?”

“தெரியாமத்தான். நோவு. உன் தப்பு இல்ல.”

“எத்தன?”

“தெரியல.”

தேம்பித் தேம்பி அழுதார். கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் முறை. பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது, பழைய பிடி.

“மச்சான் எங்க? என் மச்சானக் கூப்பிடு. போ, ஓடு. நான் அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். சட்டையக் குடு. படுத்துக்கிட்டுக் கேக்கக்கூடாது.”

சட்டையை மாட்டி, பொத்தானைப் போட்டு, தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்காரவைத்தாள். உர்சின் துறையில் துணி அலசிக்கொண்டிருந்தார். அவள் முற்றத்தில் இறங்கி ஓடினாள். அறுபத்தைந்து வயதில், ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை.

“அண்ணே! வா அண்ணே! தெரிஞ்சிருச்சு. சொல்லிட்டேன். உன்னக் கூப்பிடறாரு. மச்சான்னு கூப்பிடறாரு!”

உர்சின் துணியை ஓடையிலேயே விட்டுவிட்டார். அது மிதந்து போனது. மேலே வருகிற வழியெல்லாம் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தார். மீசை இருந்த இடத்தை ஒருமுறை தடவிக்கொண்டார். வாசலில் நின்று, “அழுதானா?” என்று கேட்டார். ஆமாம் என்றாள். “சொல்லியிருக்க வேணாம்,” என்றார். ஆனால் அவர் கண்ணில் அப்படி ஒரு ஆசை இருந்தது. முதலில் கதவை நோக்கிப் போனவர் அவர்தான்.

ஒவீட் சட்டை போட்டு நேராக உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் ஈரம் காயவில்லை. கதவு திறந்ததும் இரண்டு பேரையும் பார்த்து முகம் மலர்ந்தார்.

“மச்சான்,” என்றார் உர்சின்.

“வா, பாசில். நல்ல வேள வந்த. இந்தம்மா ஏனோ அழுவுது, என்னன்னு கேளு.” பிறகு குரலைத் தாழ்த்தி, ரகசியம் சொல்கிற மாதிரிச் சொன்னார். “அந்த உர்சின்தான் ஏதாவது பண்ணியிருப்பான்.”

ஆசெலி மறுபடியும் சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் கையைக் காட்டி வேண்டாம் என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டில் அருகே உட்கார்ந்தார். காப்பி கொட்டிய போர்வையை மடித்து ஓரமாக வைத்தார். ஒவீட்டின் கன்னத்தைத் தன் ஈரச் சட்டை நுனியால் துடைத்துவிட்டார்.

“ஆமா,” என்றார். “அவனாத்தான் இருக்கும்.”